மனித உருவ ரோபோ காணொளிகளை மதிப்பிடுவது எப்படி?

ஜப்பான், தென்கொரியா, அமெரிக்கா, சீனா எனப் பல நாடுகளிலிருந்தும் மனித உருவ ரோபோக்களின் காணொளிகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் எது உண்மையான முன்னேற்றம், எது மேடைக்காக ஒத்திகை பார்த்த காட்சி என்பதைப் பொறியியல் படிக்காதவரும் பிரித்தறியலாம். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ரோபோவை இயக்குவது யார் என்பதே முதற் கேள்வி. 2024 அக்டோபரில் டெஸ்லா நடத்திய விழாவில் ஆப்டிமஸ் ரோபோக்கள் விருந்தினர்களுக்குப் பானம் ஊற்றிக் கொடுத்தன, உரையாடவும் செய்தன. தொலைவிலிருந்து மனிதர்கள் அவற்றுக்குத் துணைநின்றது பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. தொலைவிலிருந்து இயக்குவதில் தவறேதும் இல்லை. மூட்டுகளும் மோட்டார்களும் திறமையானவை என்பதை அது காட்டுகிறது. ஆனால் ரோபோ தானே முடிவெடுத்தது என்பதற்கு அது சான்றாகாது. எனவே, தானாக இயங்கியது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகக் கூறாதவரை, மனிதர் ஒருவர் இயக்குகிறார் என்றே கொள்ளுங்கள். படம் வேகமாக ஓட்டப்பட்டிருக்கிறதா, நடுவில் வெட்டு விழுந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து நடையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் ஹோண்டா அறிமுகப்படுத்திய அசிமோ, சமநிலைப் புள்ளி பாதத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும்படி ஒவ்வோர் அடியையும் கணக்கிட்டு, முழங்காலைச் சற்று மடக்கியே நடந்தது. இன்றைய ரோபோக்கள் பல, கணினிப் பாவனை உலகில் எண்ணற்ற முறை விழுந்தெழுந்து நடை பழகியவை. ஆகையால் மேடை நடனத்தைவிட, கரடுமுரடான தரையில் எதிர்பாராமல் தள்ளப்படும்போது ரோபோ எப்படிக் காலூன்றுகிறது என்பதே அதிகம் சொல்லும்.

கையைத்தான் நெடுநேரம் பார்க்க வேண்டும். 2015-இல் அமெரிக்காவின் பொமோனா நகரில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான தார்ப்பா நடத்திய ரோபோப் போட்டியின் இறுதிச் சுற்றில், ஒரு கதவைத் திறக்க முயன்றே சில ரோபோக்கள் தடுமாறி விழுந்தன. கைப்பிடியை அழுத்தும்போது எழும் எதிர்விசை உடல் முழுவதையும் அசைக்கும் என்பதால், எளிதாகத் தோன்றும் அந்த வேலை உண்மையில் கடினமானது. 20 லட்சம் டாலர் முதற்பரிசை வென்ற தென்கொரியாவின் ஹூபோ, தேவைப்பட்டபோது மண்டியிட்டு, முழங்காலில் பொருத்திய சக்கரங்களில் நகர்ந்தது. மனிதரைப் போல நடந்து காட்டுவதைவிட வேலையை முடிப்பதே பெரிதென்று அந்தப் பொறியாளர்கள் தெளிந்திருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரோபோ எந்தப் பணிக்காக உருவானது என்பதையும் மறக்க வேண்டாம். இஸ்ரோ 2020-இல் காட்சிப்படுத்திய வியோமித்ராவுக்குக் கால்கள் இல்லை. விண்கலத்தில் அமர்ந்தபடி கருவிப் பலகையை இயக்கவிருக்கும் ரோபோவுக்கு அது ஒரு குறையாகாது.

கடைசியாக, தாக்குப்பிடிக்கும் திறன். 2025 ஏப்ரலில் பெய்ஜிங் அரை மாரத்தானில் சீனாவின் தியாங்கோங் ரோபோ 21 கிலோமீட்டரை 2 மணி 40 நிமிடங்களில் கடந்தது. வழியில் மூன்று முறை பேட்டரி மாற்றப்பட்டது. செய்தியின் தலைப்பில் வேகம் இருக்கும்; பேட்டரி மாற்றிய கணக்கு உள்ளே எங்கோ இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். கிடங்கில் பெட்டிகளை எடுத்து வைக்கும் டிஜிட் போன்ற ரோபோக்களின் சலிப்பூட்டும் காணொளி கிடைத்தால், அது வெட்டில்லாமல் எத்தனை நிமிடம் ஓடுகிறது, தவறி விழுந்த பெட்டியை யார் எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.