நாற்பது படங்களுக்கு ஒரே நேரத்தில் தமிழில் பெயர் வைப்பது எப்படி?

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கேமரா தந்தது டிஎஸ்சி_0101, டிஎஸ்சி_0102 என்று நாற்பது படங்கள். ஒவ்வொன்றாக எஃப்2 தட்டிப் பெயர் மாற்றலாம்தான், ஆனால் இருபதாவது படத்தில் கண் சோர்ந்து தப்பு வரும். பழைய பெயர், புதிய பெயர் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டால் விண்டோஸே மாற்றிக்கொள்ளும். தனி மென்பொருள் வேண்டாம். எக்செல்லும் நோட்பேடும் போதும்.

முதலில் படங்கள் உள்ள ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

கன்ட்ரோல்+ஏ அழுத்தி எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்டைப் பிடித்தபடி முதல் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'காப்பி அஸ் பாத்' என்று வரும். அதைக் கிளிக் செய்து, எக்செல்லில் பி நெடுவரிசையில் ஒட்டுங்கள். முழு முகவரியும் மேற்கோள் குறியோடு வரும். கன்ட்ரோல்+எச் திறந்து, தேடும் இடத்தில் நட்சத்திரக் குறியும் பேக்ஸ்லாஷும் போட்டு, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டால் ஃபோல்டர் முகவரி போய்விடும். இதே போல மேற்கோள் குறியையும் நீக்குங்கள்.

சி நெடுவரிசையில் புதிய பெயர்கள். இங்கே அவசரம் வேண்டாம். படத்தைத் திறந்து முகத்தைப் பார்த்து, அதே வரிசையில் பெயரை எழுதுங்கள். கடைசியில் .ஜேபிஜி என்பதையும் ஆங்கிலத்தில் சேர்க்க வேண்டும். பெயருக்குள் இடைவெளி வேண்டாம், அடிக்கோடு போடுங்கள். வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் இரண்டாவது படத்துக்குப் பெயர் மாறாது. அதனால் வரிசை எண்ணையும் முன்னால் சேர்ப்பது நல்லது: 07_கார்த்திக், 08_கார்த்திக்.

ஒருமுறை நான் சி நெடுவரிசையை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டேன். ஒரு பிள்ளையின் முகத்துக்கு இன்னொரு பிள்ளையின் பெயர். அடையாள அட்டை அச்சுக்குப் போகும் முன் கவனித்ததால் தப்பித்தோம். வரிசைப்படுத்துவதென்றால் எல்லா நெடுவரிசைகளையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்.

இப்போது ஏ நெடுவரிசையில் எல்லா வரிகளிலும் ஆர், இ, என் (ren) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள். பெயர் மாற்றும் கட்டளை அதுதான். மூன்று நெடுவரிசைகளையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

அடுத்த விஷயத்தை நம்மில் பலர் தவறவிடுகிறோம். நோட்பேடில் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, சி, எச், சி, பி (chcp) என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு 65001 என்று தட்டுங்கள். இந்த எண், தமிழ் எழுத்துகளையும் கணினியில் பதிய உதவும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் குறிக்கும். இது இல்லாவிட்டால் 'கவிதா' என்ற பெயர் புரியாத குறிகளாகக் கோப்பின் மேல் உட்கார்ந்துவிடும். கடைசி வரியில் பாஸ் என்ற ஆங்கிலச் சொல்லை (பி, ஏ, யு, எஸ், இ: pause) எழுதினால், வேலை முடிந்ததும் ஜன்னல் மூடாமல் நிற்கும்; பிழை வந்தால் படிக்கலாம்.

சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்து, கோப்புப் பெயரின் முடிவில் புள்ளி வைத்து பி, ஏ, டி (.bat) என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். இப்படிக் கட்டளைகளை வரிசையாகக் கொண்ட கோப்புக்குப் பேட்ச் கோப்பு என்று பெயர். என்கோடிங் யூடிஎஃப்-8. பக்கத்திலேயே 'வித் பிஓஎம்' என்று ஒன்று இருக்கும், அது வேண்டாம். முதல் வரியே பிழையாகிவிடும். படங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில்தான் சேமிக்க வேண்டும்.

சரி, சேமித்த கோப்பை டபுள் கிளிக் செய்யுங்கள். கறுப்பு ஜன்னலில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது எழுத்துருவின் குறை. ஃபோல்டரில் பெயர்கள் சரியாகவே இருக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் இந்தக் கட்டளை அதை அழிக்காது. பிழை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டுமா? எக்செல்லில் பி, சி இரண்டையும் இடம் மாற்றி இன்னொரு பேட்ச் கோப்பு செய்யுங்கள். அதனால் அந்த எக்செல் பட்டியலைப் படங்களோடு சேர்த்தே வைத்திருங்கள்.