சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மாணவர்களுக்குத் தரவு அறிவியல் மைனர்: 18 கிரெடிட்டில் பாடத்திட்டம் அமைப்பது எப்படி?

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி, கணினித் துறைக்கு வெளியே இருக்கும் மாணவர்களுக்குத் தரவு அறிவியல் மைனர் (சொந்தத் துறைப் பட்டத்தோடு கூடுதலாகப் படிக்கும் துணைப் பாடத்தொகுப்பு) கொடுக்க முடிவெடுத்தால், பாடத்திட்டத்தை முடிவுசெய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் முதலில் மேசைக்கு வருவது தலைப்புகளின் பட்டியல்தான். பைத்தான், ஆர், ஹடூப், பிக் டேட்டா, டீப் லேர்னிங் என்று ஐந்து யூனிட்டும் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அந்தப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். நான்காம் ஆண்டு முடிவில் ஒரு சிவில் மாணவரிடம் எந்தத் தரவைக் கொடுத்தால், எதைக் கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும்? மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கலுக்கும் இதே கேள்வியைக் கேட்டு, துறைக்கு மூன்று பதில் எழுதுங்கள். பாடங்களை அந்த ஒன்பது பதில்களிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள்.

கணினித் துறை சிலபஸை அப்படியே எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். மூன்றாம் செமஸ்டரில் பைத்தான் படித்தவர், ஏழாம் செமஸ்டரில் இணையத்தில் கிடைத்த வீட்டு விலைத் தரவை வைத்து ப்ராஜெக்ட் முடித்துவிட்டுப் போவார். தன் துறையின் எண்களைத் தொட்டே இருக்க மாட்டார். எனவே எல்லாப் பாடத்திலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்படி அமைக்க வேண்டும்: இந்த எண்ணை யார், எந்தக் கருவியில், எந்த நேரத்தில் அளந்தார்?

கிரெடிட் கணக்கு

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) முறைப்படி வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்புக்கு 1 கிரெடிட், ஒரு மணி நேர ட்யூட்டோரியலுக்கு 1, இரண்டு மணி நேர லேபுக்கு 1. மைனருக்குக் கூடுதலாக 18 முதல் 20 கிரெடிட் வரை. 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பாடங்கள் பெரும்பாலும் கடைசி பீரியடுக்கோ சனிக்கிழமைக்கோதான் போகும். காலேஜ் பஸ்ஸை விட்டால் பண்ருட்டிக்கும் திண்டிவனத்துக்கும் வீடு போய்ச் சேர இரவாகிவிடும் பிள்ளைகள்தான் முதலில் மைனரை விட்டு விலகுவார்கள்.

நாங்கள் சொல்லும் பிரிப்பு இது. வகுப்பு, ட்யூட்டோரியல், லேப் என்ற வரிசையில் வார மணி நேரம்:

3ஆம் செமஸ்டர்: தரவைத் திரட்டலும் சீராக்கலும், 2-0-2, 3 கிரெடிட்
4ஆம் செமஸ்டர்: நிகழ்தகவும் புள்ளியியலும், 3-1-0, 4 கிரெடிட்
5ஆம் செமஸ்டர்: இயந்திரக் கற்றல், 3-0-2, 4 கிரெடிட்
6ஆம் செமஸ்டர்: காலவரிசைத் தரவும் சென்சார் தரவும், 2-0-2, 3 கிரெடிட்
7ஆம் செமஸ்டர்: ப்ராஜெக்ட், 0-0-8, 4 கிரெடிட்

லீனியர் ஆல்ஜீப்ராவுக்குத் தனிப் பாடம் வேண்டாம். முதலாண்டுக் கணிதத்தில் மேட்ரிக்ஸ் இருக்கிறது. ஐந்தாம் செமஸ்டரின் முதல் இரண்டு வாரத்தில் அதைத் திரும்ப எடுத்து, ரிக்ரஷனோடு இணைத்துவிட்டால் போதும். டீப் லேர்னிங்கை விருப்பப் பாடமாக வெளியே வையுங்கள். இதை விட்டால் சேர்க்கை குறையும் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். ஆனால் ஒரு சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஒழுங்காகப் படிக்கத் தெரியாத மாணவருக்கு நியூரல் நெட்வொர்க் கற்பித்துப் பயனில்லை.

மழையைக் கணக்கில் வையுங்கள்

இந்தக் கரையில் ஒற்றைப்படை செமஸ்டர்கள் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகின்றன. 3, 5, 7 மூன்றிலும் அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை வரும், கரண்ட் போகும், இணையம் போகும். 15 வாரம் என்று காகிதத்தில் எழுதினாலும் 12 வாரத்துக்குத் திட்டமிடுங்கள். மொத்த லேபில் மூன்றில் இரண்டு பங்கு தீபாவளிக்கு முன் முடிய வேண்டும். மாணவர் வீட்டிலிருந்து எழுதக்கூடிய அறிக்கை, படித்துக் குறிப்பெடுக்கும் வேலை ஆகியவற்றை நவம்பருக்கு வையுங்கள்.

தரவுக் கோப்புகள் முழுவதையும் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் ஒரு சர்வரில் வைத்துக்கொள்வது அவசியம். இணையத்திலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபை மட்டும் நம்பினால், இணையம் விட்டு விட்டு வரும் நாளில் 30 பேர் கொண்ட பேட்ச் சும்மா உட்கார்ந்திருக்கும். 8 ஜிபி ரேம் உள்ள கணினி இந்த மைனருக்குத் தாராளம். செமஸ்டர் தொடங்கும் அன்றே பைத்தான், பாண்டாஸ் (பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் நிரல் தொகுப்பு) பதிப்பு எண்களை முடிவுசெய்து எல்லாக் கணினியிலும் அதையே நிறுவுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

முதல் பாடத்துக்கு அதிக உழைப்பு

மைனர் நிற்பதும் விழுவதும் மூன்றாம் செமஸ்டரில்தான். அதனால் இந்தப் பாடத்தை அனுபவமுள்ள ஆசிரியரிடம் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

முதல் லேபில் கணினியே வேண்டாம். மாணவர்கள் மழைமானி செய்யட்டும். 10 செ.மீ. வாய் விட்டமுள்ள புனல், ஒரு பாட்டில், மில்லிலிட்டர் அளவுக் குழாய் போதும். புனல் வாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. பாட்டிலில் 157 மி.லி. தண்ணீர் சேர்ந்திருந்தால், 157ஐ 78.5ஆல் வகுக்க 2 செ.மீ., அதாவது 20 மி.மீ. மழை. ஆறு குழுக்கள் வளாகத்தில் ஆறு இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு அளக்கட்டும். கைப்பிடிச் சுவரை ஒட்டியோ மரத்தடியிலோ வைத்த குழுவுக்குக் குறைவாகத்தான் வரும். ஒரே வளாகம், ஒரே மழை, ஆறு எண்கள். ஏன் என்று அவர்களே எழுத வேண்டும். அளவீட்டுப் பிழை என்ற சொல்லை இதற்குப் பிறகு அறிமுகப்படுத்தினால் போதும்.

8.30க்குக் காரணம் உண்டு. இந்திய வானிலைத் துறையின் தினசரி மழையளவு, காலை 8.30க்கு அளக்கப்பட்டு அதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் மழையாகப் பதிவாகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழை, டிசம்பர் 1 என்ற தேதியில்தான் வரும். கல்லூரியின் ஜெனரேட்டர் லாக் புக்கிலோ நள்ளிரவுக்கு நாள் மாறும். இரண்டையும் தேதியை வைத்து இணைக்கும் மாணவருக்கு, மழை வருவதற்கு முந்தின நாளே கரண்ட் போய்விட்டது போலத் தெரியும். கோட் பிழையில்லாமல் ஓடும், முடிவு மட்டும் தப்பு. இந்த ஒரு பயிற்சிக்கு முழுதாக ஒரு லேப் ஒதுக்குங்கள்.

அடுத்தடுத்த லேப்களுக்கு இப்படி ஒவ்வொரு பழுதாக எடுத்துக்கொள்ளலாம். வானிலைத் துறையின் கட்டமிட்ட மழைத் தரவில் விடுபட்ட இடம் -999 என்று இருக்கும். அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மழை மைனஸில் வரும். மைனஸ் வந்தால் கண்ணில் படும். பல ஆண்டுத் தரவில் ஒன்றிரண்டு -999 மட்டும் கலந்திருந்தால் சராசரி சற்றே குறைந்து, யாருக்கும் சந்தேகம் வராது. ஆபத்து அங்கேதான். தேதியும் அப்படியே: 03/12 என்று எழுதியதை பாண்டாஸ் தானாக மார்ச் 12 என்றே எடுத்துக்கொள்ளும். நாள் முதலில் என்று நாம் சொல்ல வேண்டும். நிலத்தடி நீர் தரவில் எண் தரையிலிருந்து கீழ்நோக்கி அளந்த ஆழம். எண் கூடினால் நீர் இறங்கியிருக்கிறது. வரைபடத்தின் அச்சைத் திருப்பாமல் போட்டுவிட்டு நீர்மட்டம் உயர்ந்ததாக எழுதும் அறிக்கைகள் எல்லா பேட்சிலும் வரும்.

எலக்ட்ரிக்கல் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் எச்டி (உயரழுத்த மின் இணைப்பு) மீட்டர் பதிவேடு கைக்கெட்டும் தரவு. வெளியில் யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டாம். மீட்டரில் இருப்பது கூடிக்கொண்டே போகும் யூனிட் எண், ஆகவே அடுத்தடுத்த வரிகளின் வித்தியாசம் எடுக்க வேண்டும். நடுவில் மீட்டர் மாற்றியிருந்தால் வித்தியாசம் மைனஸில் வரும். மீட்டர் எண்ணை உண்மையான யூனிட்டாக்கப் பெருக்க வேண்டிய மல்டிப்ளையிங் ஃபேக்டரை மறந்தால் மொத்தக் கணக்கும் சுருங்கிவிடும்.

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு மூன்று வாரம். செலக்ட், ஜாயின், குரூப் பை போதும்.

புள்ளியியல்

நான்காம் செமஸ்டரில் சீட்டுக்கட்டும் பகடையும் ஒரு வாரத்தோடு முடியட்டும். கெடிலம் ஆற்றின் மேல் கட்டும் பாலத்துக்கு 100 ஆண்டு வெள்ளத்தை வைத்து வடிவமைக்கிறோம் என்றால் என்ன பொருள்? ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டில் ஒருமுறையாவது அந்த அளவு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு, 1லிருந்து 0.99இன் 30ஆம் அடுக்கைக் கழித்தால் கிடைக்கும்: சுமார் 26 சதவீதம். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்திருந்த மாணவர் இந்தக் கணக்கில் நிமிர்ந்து உட்காருவார். அங்கிருந்து பைனாமியல் பரவல், அதன் பிறகு ஆண்டின் உச்ச அளவுகளுக்குப் பயன்படும் கம்பெல் (Gumbel) பரவல். தினசரி மழைக்கு நார்மல் பரவல் ஏன் பொருந்தாது என்பதையும் இங்கேயே காட்டுங்கள். பெரும்பாலான நாள்கள் சுழி, சில நாள்கள் 204.5 மி.மீ. என்ற அதிகனமழை எல்லையைத் தாண்டும்.

இயந்திரக் கற்றல்

அல்காரிதம் எண்ணிக்கையைக் குறையுங்கள். லீனியர் ரிக்ரஷன், லாஜிஸ்டிக் ரிக்ரஷன், டிசிஷன் ட்ரீ, ரேண்டம் ஃபாரஸ்ட், கே-மீன்ஸ் ஆகிய ஐந்தே போதும். மிச்ச நேரம் முழுவதும், மாடல் நன்றாக வேலை செய்வதாக நம்மை ஏமாற்றும் வழிகளுக்கு.

சிவிலுக்கு யுசிஐ என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் உள்ள கான்கிரீட் வலிமைத் தரவு பொருத்தமானது: 1030 வரிகள், சிமெண்ட், கசடு, சாம்பல், தண்ணீர், ரசாயனக் கலப்பு, ஜல்லி, மணல், வயது என்று எட்டு உள்ளீடுகள். இதில் ஒரே கலவை 3, 7, 28 நாள் என்று பல வயதில் பல வரிகளாக வருகிறது. மாடலைச் சில வரிகளில் பயிற்றுவித்து, மற்ற வரிகளில் சோதிப்போம். அந்த வரிகளைக் கண்மூடித்தனமாகப் பிரித்தால் ஒரே கலவையின் 7 நாள் வரி பயிற்சியிலும், 28 நாள் வரி சோதனையிலும் விழும். மதிப்பெண் பிரமாதமாக வரும், புதுக் கலவையில் தடுமாறும். கலவைவாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: நெய்வேலிச் சாம்பல் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருவது, சுண்ணாம்பு அதிகம். தரவில் சாம்பல் என்று ஒரு நெடுவரிசைதான் இருக்கிறது, எந்தச் சாம்பல் என்று மாடலுக்குத் தெரியாது. இதைச் சொல்ல சிவில் ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும்.

மெக்கானிக்கலுக்கு அதே தொகுப்பில் ஏஐ4ஐ 2020 என்ற இயந்திரப் பழுதுத் தரவு உண்டு. செயற்கையாக உருவாக்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 10,000 வரிகளில் 339இல் மட்டும் பழுது. எதைக் கேட்டாலும் பழுதில்லை என்று சொல்லும் மாடலுக்குக்கூட 96.6 சதவீதம் துல்லியம் வந்துவிடும். அதனால் துல்லியத்தை ஏற்காதீர்கள், எத்தனை பழுதைப் பிடித்தது, எத்தனை பொய் எச்சரிக்கை கொடுத்தது என்று கேளுங்கள். பழுதின் வகையைக் குறிக்கும் ஐந்து நெடுவரிசைகளை உள்ளீட்டிலிருந்து நீக்க மறந்தால் மாடல் ஏறக்குறைய முழு மதிப்பெண் வாங்கும். விடையைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்தது போல.

ஆறாம் செமஸ்டர் சென்சார் பாடத்தை மூன்று துறையும் தனித்தனி லேபாக எடுப்பது நல்லது. பொதுவான விதி ஒன்றுதான்: கடந்த காலத்தில் பயிற்சி, பிந்திய காலத்தில் சோதனை. கலைத்துப் பிரிக்கக் கூடாது.

ஆசிரியர், தேர்வு

ஒவ்வொரு லேபிலும் ஒரு கணினி ஆசிரியரும் ஒரு துறை ஆசிரியரும் சேர்ந்து நிற்க வேண்டும். 60 பேரை இரண்டு பேட்சாகப் பிரித்தால் 2-0-2 பாடம் ஒன்றுக்கு வகுப்பு 2 மணி, லேப் 4 மணி, லேபில் இருவர் என்பதால் மொத்தம் 10 மணி நேர வேலை. இந்தக் கணக்கை அகடமிக் கவுன்சிலுக்குப் போகும் முன் முதல்வரிடம் எழுதிக் காட்டுங்கள். பிறகு கேட்டால் இரண்டாவது ஆசிரியர் கிடைக்க மாட்டார்.

கோட் எழுதிக் கொடுக்க இப்போது சாட்பாட் இருக்கிறது. ஆகவே கோடுக்கு 30 மதிப்பெண், மிச்சம் 70 தரவில் கண்ட பழுதுக்கும் விளக்கத்துக்கும் என்று மாற்றுங்கள். லேப் தேர்வில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பழுது ஒளிந்த கோப்பு கொடுத்து, முடிவில் பத்து நிமிட வைவா வையுங்கள். முதல் கேள்வி: எந்த வரியை நீக்கினாய், ஏன்?

அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் இருந்து, தன்னாட்சி இல்லாத கல்லூரி சிலபஸை மாற்ற முடியாது. அங்கே மதிப்புக்கூட்டுப் பாடமாக முதல் பாடத்தை மட்டும் நடத்தலாம். இருக்கும் எலெக்டிவ்களின் லேபில் மேலே சொன்ன தரவுகளைப் பயன்படுத்தத் தடையேதும் இல்லை.

மாணவர் மதிப்பெண்ணையோ மருத்துவமனைப் பதிவையோ பயிற்சித் தரவாக்காதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது முறையல்ல.

ப்ராஜெக்ட்

ஏழாம் செமஸ்டரில் ப்ளேஸ்மெண்டும் மழையும் சேர்ந்து வரும். ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் தலைப்பும் தரவும் கையில் இருக்க வேண்டும். தரவு கிடைத்துவிடும் என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள். சிப்காட்டில் தெரிந்தவர் இருக்கிறார் என்று சொல்லும் குழு அக்டோபர் வரை காத்திருக்கும். கோப்பைத் திறந்து காட்டும் குழுவுக்கு மட்டும் தலைப்பை உறுதிசெய்யுங்கள்.

முடிக்கும்போது மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே சர்வரில் சேர்க்க வேண்டும், கூடவே ஒரு பக்கக் குறிப்பு: நெடுவரிசையின் பெயர், அலகு, கருவி, அளந்த நேரம், விடுபட்ட இடத்துக்கான குறியீடு, நீக்கிய வரிகளும் காரணமும். அந்தப் பக்கம் இல்லாத அறிக்கையில் கைடு கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்த ஆண்டு மூன்றாம் செமஸ்டர் லேபுக்கு அந்தக் கோப்புதான் பயிற்சித் தரவு.