பன்னாட்டுப் பள்ளியில் மாணவர்களின் தாய்மொழிக்கு இடம் தருவது எப்படி?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய பிறகும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்ட பிறகும், வேலை நிமித்தமாகச் சென்னைக்கு வந்து தங்கும் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் பெருகின. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் ஆங்கிலவழிப் பன்னாட்டுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். அதே வகுப்பறையில் தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தகைய பள்ளியில் மொழி ஒருங்கிணைப்பாளராகவோ வகுப்பாசிரியராகவோ இருப்பவர், ஆங்கிலம் கற்பிக்கும் கடமையில் குறை வைக்காமலேயே, பிள்ளைகள் உடன் கொண்டுவரும் மொழிகளைப் பேணுவதற்கு என்னென்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

யுனெஸ்கோ 1999-இல் அறிவித்த உலகத் தாய்மொழி நாளைப் பிப்ரவரி 21 அன்று பல பள்ளிகள் கொடிகளோடும் மரபு உடைகளோடும் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். ஆனால் மறுநாள் காலையில் அந்த மொழிகளுக்குக் கால அட்டவணையில் ஒரு பாடவேளையும், நூலகத்தில் ஓர் அலமாரியும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளரும் இல்லையென்றால், நடந்தது மாறுவேடப் போட்டி மட்டுமே.

படிவத்தில் தொடங்குங்கள்

சேர்க்கைப் படிவத்தில் ‘தாய்மொழி’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அப்பா தெலுங்கும் அம்மா தமிழும் பேச, இருவரும் குழந்தையிடம் ஆங்கிலத்திலேயே பேசும் வீடு சென்னையில் அரிதன்று. அந்தக் கட்டத்தில் அவர்கள் எதை எழுதினாலும் உண்மையில் பாதிதான் கிடைக்கும். அம்மாவோடு எந்த மொழி, அப்பாவோடு எந்த மொழி, பாட்டி தாத்தாவோடும் உடன்பிறந்தவர்களோடும் எந்த மொழி, எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும், எந்த வகுப்புவரை அந்த மொழியில் பள்ளிப் படிப்பு நடந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இன்னும் எத்தனை ஆண்டுகள் இங்கே இருப்பார்கள், பிறகு எங்கே போவார்கள் என்ற கேள்வியையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது அதுதான்.

காரணம் இது. ஜப்பானில் கல்வி ஆண்டு ஏப்ரலிலும் கொரியாவில் மார்ச்சிலும் தொடங்குகிறது. ஊர் திரும்பும் பிள்ளை பெரும்பாலும் தன் வயதுக்குரிய வகுப்பில்தான் போய் உட்காரும். ஜப்பானியத் தொடக்கப் பள்ளியின் 6 ஆண்டுகளில் மாணவர்கள் 1,026 காஞ்சி (சீன வழி வந்த ஜப்பானிய எழுத்து) எழுத்துகளைக் கற்க வேண்டும்: முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200 என்று அந்தச் சுமை ஏறும். இரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வந்த பிள்ளையின் கையில் 240 எழுத்துகள் இருக்கின்றன. நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போதும் அதே 240 எழுத்துகள்தான் கையில் இருக்குமானால், அந்தப் பிள்ளையால் தன் வயதுக்குரிய அறிவியல் புத்தகத்தைக்கூடப் படிக்க முடியாது. இங்கே எவ்வளவு அழகான ஆங்கிலம் கற்றிருந்தாலும் அந்தக் குறையை அது ஈடுசெய்யாது.

படிவத்தோடு நிறுத்திவிடாமல், முதல் வாரத்திலேயே பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து வீட்டு மொழியில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பொருள் எதுவாகவும் இருக்கலாம்; விட்டுவந்த வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் பேனா நிற்காது. அந்த மொழி தெரிந்த ஒரு பெற்றோரோ ஆசிரியரோ அதைப் படித்து, வயதுக்கேற்ற எழுத்தா என்று மட்டும் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் வாய் திறக்காத பிள்ளை தன் மொழியில் ஒரு பக்கத்தைத் தங்குதடையின்றி நிரப்பியிருந்தால், அதற்கு வேண்டியது ஆங்கிலமும் கொஞ்சம் அவகாசமுமே. இரண்டு மொழியிலும் தடுமாறும் பிள்ளைக்கு வேறு வகை உதவி வேண்டும். இவ்விருவரையும் ஒரே ஆங்கில ஆதரவு வகுப்பில் போட்டுவிட்டு முன்னேற்றத்தை எதிர்பார்ப்பதுதான் பல பள்ளிகளில் நடக்கிறது.

பாட வகுப்புக்குள்

கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ், அன்றாட உரையாடலுக்கான மொழித்திறனும் பாடம் கற்பதற்கான மொழித்திறனும் ஒன்றல்ல என்பதை 1979-இல் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் பேசிப் பழகப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் போதும். பாடநூலின் மொழியைத் தன் வயதினருக்கு நிகராகக் கையாள 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். மைதானத்தில் ஆங்கிலத்தில் சண்டை போடும் பிள்ளை வரலாற்றுத் தேர்வில் இரண்டு வரி எழுதிவிட்டு நிற்பதற்குச் சோம்பல் காரணமன்று. இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளையின் சிந்தனை வயதுக்கேற்ப வளர வேண்டுமானால், அது ஏற்கெனவே சிந்தித்துப் பழகிய மொழியையும் வகுப்பறைக்குள் விடத்தான் வேண்டும்.

கணித ஆசிரியருக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் பின்னத்தைச் சொல்லும்போது மேலே உள்ள எண் முதலில் வரும். தமிழில் ‘மூன்றில் இரண்டு’ என்று கீழே உள்ள எண்ணை முதலில் சொல்கிறோம். கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் வரிசை அதுவே. ஆகவே ஆசிரியர் வாயால் சொல்லும் பின்னத்தைப் புதிதாக வந்த மாணவர் தலைகீழாக எழுதினால், பின்னம் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடாமல், அதையே படமாக வரையச் சொல்லிப் பாருங்கள். பெரிய எண்களிலும் இதே சிக்கல் உண்டு. கொரியரும் ஜப்பானியரும் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். நமக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் என்பது அவர்களுக்குப் பன்னிரண்டு பத்தாயிரம். நாம் லட்சத்திலும் அவர்கள் பத்தாயிரத்திலும் எண்ண, ஆசிரியர் மில்லியனில் கேட்கிறார். மூவரும் அவரவர் மொழியில் எண்ணை எப்படிச் சொல்வார்கள் என்று கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் செய்தால், இடமதிப்புப் பாடம் அன்றைக்கே பாதி முடிந்துவிடும். இதற்கு ஆசிரியருக்குக் கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

மற்றப் பாடங்களுக்கும் இதே வழியைப் பின்பற்றலாம். புதிய பாட அலகைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே முக்கியக் கலைச்சொற்களை வீட்டுக்கு அனுப்பி, பெற்றோரோடு பேசி வீட்டு மொழியில் அவற்றுக்கு விளக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். கட்டுரை எழுதும் முன் குறிப்பெடுப்பதையும் இருவராகக் கலந்து பேசுவதையும் விரும்பிய மொழியில் செய்யட்டும். இறுதி வடிவம் மட்டும் ஆங்கிலத்தில் வரட்டும். ‘அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லையே’ என்று தயங்கும் ஆசிரியர், ஐந்து நிமிடம் கழித்து இருவரில் ஒருவரைப் பேசியவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் சொல்லச் செய்தால், வெட்டிப்பேச்சா பாடமா என்று தெரிந்துவிடும். மொழிபெயர்ப்புச் செயலியை ஒரு சொல்லின் பொருள் அறிய அனுமதிக்கலாம். முழுக் கட்டுரையையும் அதில் கொட்டி எடுத்துவருவதை அனுமதிக்கக் கூடாது. பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பில் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கவே கூடாது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே அம்மாவிடம் மொழிபெயர்க்க நேரும் பிள்ளையின் நிலை தர்மசங்கடமானது. மொழிபெயர்ப்பின் நம்பகத்தன்மையும் ஐயத்துக்குரியது.

வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் வழக்கத்தை இன்றே கைவிடுங்கள். தனக்குச் சரளமாக வராத மொழியில் ஒரு தாய் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது சுருங்கிய பேச்சுதான். கதையும் கேலியும் கோபமும் விளக்கமும் அவருக்கு இயல்பாக வரும் மொழியில்தான் முழுமையாகக் கிடைக்கும்.

தனி வகுப்புகளும் புத்தகங்களும்

தாய்மொழி வகுப்பை மாலையில், பள்ளிப் பேருந்து கிளம்பும் நேரத்தில், கால்பந்துப் பயிற்சிக்குப் போட்டியாக வைத்தால் அது சில மாதங்களில் ஆளில்லாமல் போகும். வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது பள்ளி நேரத்துக்குள் ஒதுக்குங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே குழுவாக நடத்தலாம். பகுதிநேர ஆசிரியருக்கான செலவைப் பெற்றோர் தலையில் முழுவதுமாகக் கட்டினால், வசதி படைத்த நிறுவனங்கள் அனுப்பிய குடும்பங்களின் மொழிகள் மட்டுமே பிழைக்கும். ஒரு பங்கையாவது பள்ளி ஏற்க வேண்டும். அந்த ஆசிரியரின் மதிப்பீடு மற்றப் பாடங்களோடு அதே முன்னேற்ற அறிக்கையில் அச்சாக வேண்டும். அறிக்கையில் இல்லாத பாடத்தைப் பிள்ளைகளும் பாடமாக மதிப்பதில்லை.

வார இறுதியில் தங்கள் சமூகம் நடத்தும் மொழி வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் யார் என்று தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள். வெளிநாட்டில் வாழும் ஜப்பானியக் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்விக்கான பாடநூல்களை ஜப்பானிய அரசு தன் தூதரகங்கள் வழியாக இலவசமாகத் தருகிறது. பெற்றோர் அவற்றைப் பெற்றிருந்தால், அந்தப் புத்தகத்தின் கணித அலகும் உங்கள் கணித அலகும் எங்கே ஒன்றுபடுகின்றன என்று உட்கார்ந்து பார்ப்பது ஒரு மாலை நேர வேலைதான். சிறு குழந்தைகளுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை மூன்று மொழிகளில் அச்சிட்டு நூலகத்தில் அடுத்தடுத்து வைக்கலாம்.

உள்ளூர்ப் பிள்ளையின் தமிழ்

கொரிய மொழிக்கும் பிரெஞ்சுக்கும் திட்டம் தீட்டும் பள்ளி, மதில் சுவருக்கு வெளியே ஊரே பேசும் மொழியை மறந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ‘வீட்டில்தான் தமிழ் பேசுகிறாளே, அது போதும்’ என்று பெற்றோரே சொல்லிவிட்டு, இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சையோ ஸ்பானியத்தையோ தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெகுவாக விலகி நிற்பதால் இந்த வாதம் தமிழுக்குச் சற்றும் பொருந்தாது. சாப்பாட்டு மேசையில் சரளமாகப் பேசும் பெண்ணால் நாளிதழின் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்ல முடியாமல் போவது, அந்த எழுத்து நடையை யாரும் அவளுக்குக் கற்றுத் தராததன் விளைவு.

தமிழ் வகுப்பு வைக்கும் பள்ளிகளும் வழக்கமாக ஒரு பிழை செய்கின்றன: சிங்கப்பூரிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை, தமிழே அறியாத டெல்லிப் பிள்ளை, மயிலாப்பூரில் பாட்டியோடு வளரும் பிள்ளை ஆகிய மூவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ‘அ – அம்மா’ என்று தொடங்குவது. குறைந்தது இரண்டு பிரிவுகளாவது வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குச் சொல் தெரியும், ஒலி தெரியும். அவர்களுக்கு எழுத்துகளை விரைவாகக் கற்றுத் தந்து, பேசுவதை எழுத்து நடைக்கு மாற்றும் பயிற்சிக்கு வாரந்தோறும் நேரம் ஒதுக்கலாம். தன்னைப் பற்றிய ஒரு பத்தி, ஒரு சமையல் குறிப்பு, ஒரு விளையாட்டுச் செய்தி என்று அவர்களுக்குப் பயன்படும் எழுத்தில் தொடங்குவது நல்லது.

உயர் வகுப்புகளில்

ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) அமைப்பு பள்ளியின் இறுதி இரண்டு ஆண்டுகளுக்கு நடத்தும் டிப்ளமா திட்டம் உள்ள பள்ளிக்கு இங்கே ஒரு வழி உண்டு; அதைப் பல பெற்றோர் அறியாமலேயே இருந்துவிடுகிறார்கள். தாய்மொழி இலக்கியத்தைக் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பள்ளியிலும், பள்ளியின் துணையோடு மாணவர் தாமே பயிலும் முறையில் அதை முதல் மொழிப் பாடமாக எடுக்கலாம். இதில் சாதாரண நிலை மட்டுமே உண்டு, உயர் நிலை இல்லை. மொத்தம் 9 நூல்கள்: குறைந்தது 4 நூல்கள் அந்த மொழியிலேயே எழுதப்பட்டவையாகவும், குறைந்தது 3 நூல்கள் பிற மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவையாகவும் இருக்க வேண்டும், எஞ்சிய 2 நூல்களைத் தடையின்றித் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு எழுத்துத் தேர்வுகளுக்குத் தலா 35 விழுக்காடும் வாய்மொழித் தேர்வுக்கு 30 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. தாய்மொழி, ஆங்கிலம் ஆகிய இரண்டையும் முதல் மொழி நிலையில் எடுத்து, டிப்ளமாவோடு இரண்டிலும் 3 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் பெறுபவருக்கு இருமொழி டிப்ளமா கிடைக்கிறது.

தாமே பயில்வது என்ற பெயரைக் கண்டு மாணவரைத் தனியே விட்டுவிடக் கூடாது. வாரம் ஒரு முறை சந்தித்து இலக்கியக் கட்டுரை எழுதும் முறையைக் கற்றுத்தர ஓர் ஆசிரியரைப் பள்ளி அமர்த்த வேண்டும். அந்த மொழியில் எழுதியதைத் திருத்தித்தர ஒரு தனி ஆசிரியரை இணையவழியிலாவது ஏற்பாடு செய்ய வேண்டும். வேண்டிய மொழி அந்தத் தேர்வுப் பருவத்துக்கான பட்டியலில் இல்லையென்றால் சிறப்பு வேண்டுகோள் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கான கெடு மற்றப் பதிவுகளுக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும். எனவே 10-ஆம் வகுப்பின் தொடக்கத்திலேயே மாணவர் பட்டியலை எடுத்து, யார் யாருக்கு இந்த வழி பொருந்தும் என்று குறித்துக்கொண்டு, அவர்களுடைய பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுங்கள். புத்தகங்களை ஊரிலிருந்து வரவழைக்கவே சில மாதங்கள் ஆகும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் குடும்பம் திரும்பும்போது பெட்டியில் அந்த 9 நூல்களும் இருந்தால், முதல் வாரத்திலேயே படிப்பைத் தொடங்கிவிடலாம்.