ஒரே பேரில் இரண்டு பைல்: வின்எஸ்சிபி பழகுகிறவர்கள் விடும் பிழைகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்ட ஆபிசுகளுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிற தம்பிமார், வருசா வருசம் ஆள் மாறினாலும், சேர்வருக்குப் பைல் ஏற்றுகிற வின்எஸ்சிபி புரோகிராமில் விடும் பிழையை மாற்றுவதில்லை. பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பது, போர்ட் 22க்குப் பதில் 21 போடுவது இதெல்லாம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும், அதை விடுவோம். சத்தமில்லாமல் கவிழ்க்கிறவையைச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்டில் .எக்ஸியைக் கூப்பிடுவது

வின்எஸ்சிபி நிறுவிய போல்டரைத் திறந்து பாருங்கள். ஒரே பேரில், .எக்ஸி என்று ஒன்றும் .கொம் என்று ஒன்றும் இருக்கும். விண்டோஸ் வழக்கமாகப் பேரின் வாலை மறைத்து வைப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். .எக்ஸி, ஜன்னல் திறந்து மவுசால் இழுத்துப் போடுகிற வேலைக்கு. .கொம், கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையிலும், கட்டளைகளை எழுதி வைத்துத் தானாக ஓடவிடுகிற ஸ்கிரிப்டிலும் ஓட்டுவதற்கு.

கமாண்ட் பிராம்ப்டில் வாலில்லாமல் வெறும் பேரை அடித்தால் விண்டோஸ் முதலில் தேடுவது .கொம்மைத்தான். அதனால் கையால் அடித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக ஓடும். பிறகு ஸ்கிரிப்ட் எழுதும்போது டெஸ்க்டாப் ஷோர்ட்கட்டில் இருக்கிற பாதையை அப்படியே கொப்பி பண்ணுவார்கள். அது .எக்ஸி. பரீட்சித்தது ஒன்று, ஓட்டுவது இன்னொன்று.

கமாண்ட் பிராம்ப்ட் கட்டளைகளை எழுதி வைக்கிற பேட்ச் பைலில் இது உடனே பிடிபடாது. அங்கே .எக்ஸியைக் கூப்பிட்டாலும் அது முடியும்வரை அடுத்த வரி காத்திருக்கும். ஆனால் அது இந்தக் கறுப்புத் திரையில் எதையும் எழுதாததால், என்ன நடந்தது என்பதை > போட்டு பைலில் பிடிக்க முடியாது. அதே வரியை விண்டோஸின் இன்னொரு ஸ்கிரிப்ட் கருவியான பவர்ஷெல்லுக்கு மாற்றினால்தான் வினை. பவர்ஷெல் ஜன்னல் புரோகிராமைக் கிளப்பிவிட்டு, அது முடியும்வரை நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஒரு தோட்டத்தில் பிரிவுக்கு ஒரு பைலாகக் கொழுந்து நிறுவை விவரத்தைப் பின்னேரம் கொழும்புக்கு அனுப்ப ஒரு தம்பி இப்படித்தான் எழுதியிருந்தார். முதல் வரியில் .எக்ஸி. இரண்டாவதில் முப்பது செக்கன் பொறு. மூன்றாவதில் போல்டரைத் துடை. லைன் நன்றாக இருந்தவரை முப்பது செக்கன் போதுமாக இருந்தது. ஒரு மழை நாளில் சேர்வரோடு தொடர்பு கிடைக்கவே அதைவிடக் கூட நேரம் பிடித்தது. தொடர்பு கிடைத்தபோது போல்டர் காலி.

புரோகிராம் முடியும்போது விட்டுப்போகிற எண்ணான வெளியேற்றக் குறியீட்டை அவர் பார்க்காமலும் இல்லை. பூச்சியம் வந்தது, வெற்றி என்று எடுத்துக்கொண்டார். ஜன்னல் புரோகிராமை இப்படிக் கிளப்பினால் பவர்ஷெல் அந்தக் குறியீட்டைப் புதுப்பிப்பதே இல்லை. அந்தப் பூச்சியம் அதற்கு முந்தி ஓடிய வேறொரு புரோகிராம் விட்டுப்போனது. கணக்கப்பிள்ளைமாரின் கொப்பிகளை வாங்கி, ஒவ்வொரு ஆளுடைய கிலோவையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. மேலதிகக் கிலோவுக்கான காசு அந்த எண்ணில்தான் தொங்குகிறது. லயத்து வாசலில் நின்று ‘என் நிறுவை எங்கே’ என்று கேட்கிற அக்காவுக்குப் பவர்ஷெல்லைப் பற்றி விளக்க முடியுமா?

இதற்குப் பிறகும் ‘முப்பதை அறுபதாக்கினால் சரிதானே அண்ணே’ என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நேரத்தைக் கூட்டுவது மருந்தல்ல. பாதையை .கொம் என்று மாற்றுங்கள். அது முடியும்வரை பவர்ஷெல் நிற்கும், முடிந்ததும் பூச்சியமா ஒன்றா என்று உண்மையைச் சொல்லும். பூச்சியம் வந்தால் மட்டும் பைலை வேறு போல்டருக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். அழித்தே ஆகவேண்டும் என்றால் பைலை ஏற்றுகிற புட் கட்டளையிலேயே -டிலீட் இருக்கிறது. போய்ச் சேர்ந்த பைலை மட்டும்தான் அது அழிக்கும்.

.கொம்மை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோவது

ஓடாது. பக்கத்தில் அதே பதிப்பின் .எக்ஸி இருக்க வேண்டும்.

என் பேரில் ஓடுகிறது, டாஸ்க் ஷெடியூலரில் ஓடவில்லை

நீங்கள் சேமித்த இணைப்பும், ஒருமுறை ‘யெஸ்’ சொல்லி ஏற்றுக்கொண்ட சேர்வர் சாவியும் வழக்கமாக உங்கள் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில்தான் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கிற இடம்) கிடக்கும். குறித்த நேரத்தில் புரோகிராமை ஓட்டுகிற ஷெடியூலர், அதை வேறு கணக்கில் ஓட்டினால் அதற்கு ஒன்றும் தெரியாது. முகவரியையும், சேர்வர் சாவியைச் சொல்கிற -ஹோஸ்ட்கீயையும் ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். சோம்பல்பட்டு ஹோஸ்ட்கீக்கு நட்சத்திரம் (*) போடுகிறவர்கள், எந்த சேர்வர் வந்து நின்றாலும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசிச் சாய்கோடு

புட் கட்டளையில் சேர்வர் போல்டரின் பேருக்குப் பின்னால் / போடுங்கள். இல்லாவிட்டால் அதைப் பைலின் புதுப் பேராக எடுத்துக்கொள்ளும்.

.பைல்பார்ட்டைக் கண்டவுடன் அழிப்பது

மரம் விழுந்து கரண்ட் போகிற ஊர் இது. எஸ்எஃப்டிபி என்ற அனுப்பும் முறையில் 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட பைலை வின்எஸ்சிபி முதலில் .பைல்பார்ட் என்ற வாலோடு ஏற்றி, முழுதும் போன பிறகுதான் சரியான பேருக்கு மாற்றும். சேர்வரில் அந்த வால் கிடந்தால் குப்பை என்று துடைக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர அதுதான் வேண்டும்.

பாஸ்வேர்டில் %

பேட்ச் பைலுக்குள் எழுதினால் %% என்று இரண்டாகப் போடுங்கள்.