நெல்லுக்கு உப்பு தாங்குற ஜீன் போடப் போறீங்களா? டெஸ்ட்ல கோட்டை விட்றாதீங்க

எம்எஸ்சி ப்ராஜெக்ட், பிஹெச்டின்னு வர்றவங்க முதல்ல கேக்குறதே "எந்த ஜீன் போட்டா உப்பு தாங்கும்?"னுதான். அப்படி தனி ஒரு ஜீன் கிடையாது. சோடியம் வேர்ல நுழைஞ்சா செடி அதை வெளிய தள்ளணும், இல்லனா இலைக்கு ஏறாம வழியில பிடிச்சு வைக்கணும், அதுவும் முடியலனா செல்லுக்குள்ள இருக்கற பை மாதிரியான வேக்குவோல்ல போட்டு பூட்டணும். முதல் வேலைக்கு எஸ்ஓஎஸ்1ங்கிற ஜீன், ரெண்டாவதுக்கு ஹெச்கேடி1;5, மூணாவதுக்கு என்ஹெச்எக்ஸ்1. இந்த கடைசி ஜீனை வச்சுதான் 2001ல ப்ளூம்வால்ட் குழு 200 மில்லிமோலார் உப்புல தக்காளி காய்க்க வச்சாங்க, அது லிட்டருக்கு கிட்டத்தட்ட 12 கிராம் உப்பு. நம்ம சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துல அவிசீனியா மெரினாங்கிற அலையாத்தி மரத்துல இருந்து எஸ்ஓடி ஜீன் எடுத்து பூசா பாஸ்மதி 1ல போட்டு 2008ல பேப்பர் வந்துச்சு, அது சோடியத்தை தடுக்குறது இல்ல, உப்பால வர்ற ஆக்சிஜன் சேதத்தை குறைக்குறது.

ஜீனை விட ப்ரொமோட்டருக்கு, அதாவது ஜீன் எங்க எவ்வளவு வேலை செய்யணும்னு முடிவு பண்ற சுவிட்சுக்கு, ரெண்டு மடங்கு யோசிங்க. 2009ல ஆஸ்திரேலியாவோட அடிலெய்டுல, ஆய்வுக்கூடங்கள்ல வழக்கமா வளக்குற அராபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடியில பாத்தது: ஹெச்கேடி1 ஜீனை வேரோட நடுவுல தண்ணி ஏறுற குழாய்ப் பகுதியில மட்டும் கூட்டினா இலைக்கு போற சோடியம் குறைஞ்சுது, அதே ஜீனை 35எஸ்ங்கிற எல்லா இடத்துலயும் ஓடுற ப்ரொமோட்டர் போட்டு செடி முழுக்க ஓட விட்டா செடி முன்னைவிட மோசமாச்சு. கைல இருக்குங்கிறதுக்காக எல்லாத்துக்கும் 35எஸ் போடாதீங்க.

ட்ரான்ஸ்ஃபர்மேஷன், அதாவது ஜீனை செடிக்குள்ள ஏத்துறது, வழக்கமான சமையல்தான். உங்க இன்ஸ்டிட்யூட் பயோசேஃப்டி கமிட்டி ஓகே சொன்ன பிறகு உமி நீக்கின விதையை லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டிங்கிற வளர்ச்சி ஹார்மோன் போட்ட மீடியால வச்சு கேலஸ் (உருவம் இல்லாத செல் கட்டி) எடுங்க, மஞ்சளா உருண்டையா கெட்டியா இருக்கறதை மட்டும் பொறுக்குங்க, தண்ணியா பழுப்பா இருக்கறதை தூக்கிப் போடுங்க. ஜீனை செல்லுக்குள்ள கொண்டு போற அக்ரோபாக்டீரியம் பாக்டீரியாவோட, அதைத் தூண்டுற அசிட்டோசிரிங்கோன் சேத்து ரெண்டு மூணு நாள் வைங்க, அப்புறம் அந்த பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்ஸிம்ல கழுவி, ஜீன் ஏறாத செல்லைக் கொல்ற ஹைக்ரோமைசின் செலக்‌ஷன். தப்பிச்சு வளர்றதை தளிர், வேர் விட வச்சு மண்ணுக்கு மாத்துங்க, பிசிஆர் (ஜீன் இருக்கான்னு பாக்க), சதர்ன் ப்ளாட் (எத்தனை காப்பின்னு பாக்க) ரெண்டும் பண்ணி ஒரே காப்பி இருக்கற லைனா எடுங்க.

இனிமேதான் உண்மையான வேலை. உப்பு ப்ளேட்ல விதை முளைச்சதை போட்டோ எடுத்து "தாங்குது"ன்னு எழுதுறவங்க நிறைய, ஆனா நெல்லு முளைக்கும்போது சாதாரணமாவே உப்பு தாங்கும், சின்ன நாத்துலயும் பூக்குற நேரத்துலயும்தான் அடி வாங்கும். அதனால யோஷிடா கரைசல்ல (நெல்லுக்கான சத்துக் கரைசல்) நாத்து வளத்து உப்பு சேத்து, மூணு நாள் ஈசி (மின்கடத்து திறன், உப்பு கூடினா இது கூடும்) மீட்டருக்கு 6 டெசிசீமன்ஸ், அப்புறம் 12. ஒரேடியா கொட்டினா நீங்க பாக்குறது ஷாக்கைத்தான். ஆவியாகி குறையுற அளவுக்கு வெறும் தண்ணி ஊத்துங்க, பிஹெச் 5ல நிக்குதான்னு தினம் பாருங்க. வளப்பு அறை ரொம்ப ஈரமா இருந்தா இலை தண்ணி குறைவா இழுக்கும், சோடியமும் மெதுவா ஏறும், எல்லா செடியும் ஹீரோ மாதிரி தெரியும்.

பக்கத்துல உப்பு தாங்குற பொக்காலி ரகமும் உப்பு தாங்காத ஐஆர்29 ரகமும் கட்டாயம் வைங்க. ஒப்பிட்டுப் பாக்குற கன்ட்ரோலுக்கு ஜீன் போடாத அசல் ரகம் மட்டும் பத்தாது, அடுத்த தலைமுறையில ஜீன் வராம பிரிஞ்ச கூடப்பொறந்த செடியையும் வைங்க, ஏன்னா டிஷ்யூ கல்ச்சரே செடியை மாத்திடும். பழைய இலை நுனி வெளுத்து சுருளுறதுக்கு 1ல (நல்லா இருக்கு) இருந்து 9 (சாகுற நிலை) வரை மார்க் போட்டுட்டு, அதே இலையை காய வச்சு ஃப்ளேம் போட்டோமீட்டர்ல சோடியம், பொட்டாசியம் அளங்க. மார்க் நல்லா இருந்தும் இலைல சோடியம் குறையலனா பதறாதீங்க, என்ஹெச்எக்ஸ் போட்டிருந்தா அப்படித்தான் வரும், ஹெச்கேடி போட்டிருந்தா சந்தேகப்படுங்க.

கடைசியா கதிர் வர்ற நேரத்துல உப்பு குடுத்து எத்தனை மணி பதராச்சுன்னு எண்ணுங்க. உப்பே இல்லாத தொட்டியிலயும் அதே லைனோட விளைச்சலை எடுங்க, நல்ல தண்ணியில மகசூல் கொறையுற லைனை எந்த விவசாயியும் தொட மாட்டார்.