பேயைக் காட்டிவிட்டால் பயம் போச்சு

பேய்க்கதையையோ மாயாஜாலக் கதையையோ படமாக்கக் கிளம்பும் புதியவர்களின் திரைக்கதைகளைப் படித்தால், எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். முன்னே போனவர்கள் விழுந்து எழுந்த அதே பள்ளம். உரிமை வாங்காமல் எழுத உட்காருவது, நானூறு பக்க நாவலை இருபது நிமிடக் குறும்படத்துக்குள் திணிப்பது எல்லாம் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

பத்தாவது நிமிடத்திலேயே பேயைக் காட்டுவது

அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். கையில் காசு இருப்பவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்பது கூடுதல் எரிச்சல்.

‘கதவுக்குப் பின்னால் ஏதோ நின்றது’ என்று கதையில் இருந்தால், அந்த ‘ஏதோ’வுக்கு உருவம் கொடுப்பது வாசகர் வேலை. அவரவருக்கு எது பயமோ அதைக் கொண்டுவந்து அங்கே நிறுத்திக்கொள்வார்கள். திரையில் ஓர் உருவத்தை வைத்ததும் அது எல்லோருக்கும் ஒரே பேய். இரண்டாவது ஷாட்டிலேயே பார்வையாளர் மேக்கப்பில் குறை தேட ஆரம்பித்துவிடுவார்.

எம்.ஆர்.ஜேம்ஸின் சிறுகதையை வைத்து 1957இல் ஜாக் டூர்னர் எடுத்த ‘நைட் ஆஃப் தி டீமன்’ படத்தைப் பாருங்கள். சாபம், பில்லிசூனியம் எதையும் நம்பாத ஒருவர் மெல்ல மெல்லச் சந்தேகப்படத் தொடங்குவதுதான் கதை. ஆனால் இயக்குநருக்கும் திரைக்கதை எழுதியவருக்கும் விருப்பமில்லாமலே, தயாரிப்பாளர் தரப்பு தொடக்கத்திலேயே அரக்கனைக் காட்டிவிட்டது. அரக்கன் உண்டு என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துபோனதால், நாயகன் எப்போது நம்பித் தொலைப்பார் என்று காத்திருக்க வேண்டியதாகிறது.

இதற்கு நேர் எதிர், ஷெர்லி ஜாக்சனின் 1959 நாவலை வைத்து ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த ‘தி ஹாண்டிங்’. கடைசிவரை பேய் என்று எதுவும் கண்ணில் படாது. ஓர் அறை, உள்ளே நாலு பேர், வெளியே இடிச்சத்தம், மூடிய கதவு. அந்தக் கதவு உள்பக்கமாகப் புடைத்து, மூச்சு விடுவதுபோல் அசையும். மரத்தகடுகளை அடுக்கி ஒட்டிச் செய்த கதவு அது. பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளினார், அவ்வளவுதான். சத்தங்களை முன்பே பதிவு செய்து செட்டில் ஓடவிட்டார்கள். நடிகர்கள் கற்பனை செய்துகொண்டு நடுங்க வேண்டியிருக்கவில்லை, காதில் விழுந்ததற்கு நடுங்கினால் போதும். 1999இல் அதே நாவலைச் சுமார் 8 கோடி டாலரில் மறுபடி எடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய குழந்தை முகங்கள் அசைகின்றன, வீட்டைக் கட்டியவரே பேயாக வந்து நிற்கிறார். பயம் மட்டும் வரவில்லை.

எழுதும்போதே இதைத் தடுக்க வழி உண்டு. கதையில் மிகவும் பயமுறுத்தும் இரண்டு பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று பத்திகளில் பிரியுங்கள்: பாத்திரம் பார்த்தது, கேட்டது, நினைத்தது. நல்ல பேய்க்கதையில் ‘பார்த்தது’ பத்தியில் நாலைந்து வரிதான் தேறும். அவை மட்டுமே உங்கள் ஷாட்கள். ‘கேட்டது’ முழுவதையும் ஷூட்டிங்குக்கு முன்பே பதிவு செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நினைத்தது’ ஒவ்வொன்றையும் ஒரு செயலாக மாற்றுங்கள்: தாழ்ப்பாளை இரண்டாம் முறை தொட்டுப் பார்ப்பது, விளக்கை அணைக்கப் போன கை பாதியில் நிற்பது.

பேயைக் காட்டியே தீர வேண்டும் என்றால் கடைசிக் கால் பகுதிக்குத் தள்ளுங்கள், மூன்று ஷாட்டுக்கு மேல் வேண்டாம். சிஜி, அதாவது பேயைப் பிறகு கணினியில் வரைந்து சேர்ப்பது, என்றால் பேய் நிற்கும் இடத்தில் அதன் உயரத்துக்கு ஒரு கோல் நட்டு, நுனியில் பந்து கட்டுங்கள். இல்லாவிட்டால் நாலு நடிகரும் நாலு உயரத்தில் பார்ப்பார்கள், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய முடியாது. காலடியில் நிழல் விழாத பேய் தரையில் நிற்காது, ஒட்டவைத்த படம்போல மிதக்கும்.

கதையில் இருக்கிறதே என்று அடம்பிடிப்பது

ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலில் விலங்கு வடிவில் வெட்டிய புதர்கள் உண்டு. நாம் பார்க்காதபோது அவை நகர்ந்திருக்கும். படிக்கையில் முதுகு சில்லிடும். 1980 படத்தில் இயக்குநர் குப்ரிக் அவற்றைத் தூக்கிவிட்டுப் புதர்ச் சுவர்களால் ஆன சிக்குப்பாதையை வைத்தார். அன்றைய தொழில்நுட்பத்தில் விலங்குகள் எடுபடாது என்பது ஒரு காரணம். 1997 தொலைக்காட்சித் தொடரில் கணினி உதவியால் அவை உயிர்பெற்றன. இன்று பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. புதரைப் படமெடுப்பது முக்கியமல்ல, திரும்பிப் பார்க்கவே தயங்க வைக்க வேண்டும். அதைச் செய்யும் வேறு பொருள் கிடைத்தால் தாராளமாக மாற்றுங்கள்.

அகராதி ஒப்பிப்பது

1984இல் வந்த, கற்பனை உலகின் புதுச் சொற்கள் நிறைந்த ‘ட்யூன்’ படத்துக்குச் சில திரையரங்குகளில் சொற்களின் பொருள் அச்சிட்ட தாளையே கையில் கொடுத்தார்கள். பாத்திரங்கள் மனசுக்குள் நினைப்பதெல்லாம் கிசுகிசு வாய்ஸ் ஓவராக வேறு வரும். முதல் பத்து நிமிடத்தில் புதுப் பெயர் மூன்று போதும். நான்காவதைப் பார்வையாளர் தானாகக் கேட்கும்வரை சொல்லாதீர்கள்.

வரம்பில்லாத மந்திரம்

மந்திரத்தால் எது முடியாது என்று முதல் இருபது நிமிடத்துக்குள் காட்டாவிட்டால், க்ளைமாக்ஸில் யாரும் பதறமாட்டார்கள்.

பின்னணி இசை

பாதியை எடுத்துவிடுங்கள்.