ஸ்கேனருக்கு எந்த டெவலப்பர்? என் அனுபவம்

இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் என்ற 35 மி.மீ. கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ரோடினால் என்ற டெவலப்பரில் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல்), 1+50 கலவையில் (ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர்), 20 டிகிரியில் 11 நிமிடம் கழுவிவந்தேன். ஓரங்கள் நல்ல கூர்மை. ஆனால் ஸ்கேன் செய்தால் வானம் முழுக்க மணல் கொட்டியது போல கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் துகள்கள். வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியவில்லை.

ஸ்கேனரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அப்புறம் ஒரே ரோலை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை டி-76 என்ற இன்னொரு டெவலப்பரில் 1+1 கலவையில் கழுவினேன். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் கலந்து நீர்க்காத டி-76 மூலக் கரைசலில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது. அது வெள்ளித் துகள்களின் விளிம்பை லேசாகக் கரைத்து மென்மையாக்கும். நீர்த்த ரோடினாலில் அந்த வேலை நடப்பதில்லை.

வெள்ளைப் பகுதி மட்டும் நெகட்டிவில் இன்னும் அடர்த்தியாக, கறுப்பாகவே இருந்தது. டி-76 1+1க்கு அட்டவணையில் இருந்த 11 நிமிடத்தை ஒன்பதரையாகக் குறைத்தேன், சட்டை மடிப்பு வந்துவிட்டது! நெகட்டிவ் சப்பென்று தெரியும், பயப்பட வேண்டாம். கான்ட்ராஸ்டைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். அடர்ந்த நெகட்டிவுக்குள் ஒளியே புகவில்லை என்றால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

எக்ஸ்டால் என்ற டெவலப்பரும் 1+1இல் அருமையாக வந்தது, நிழலில் கொஞ்சம் கூடுதல் விவரத்தோடு. ஆனால் நான் வாங்கியது 5 லிட்டர் பொட்டலம். மாதம் இரண்டு ரோல் எடுக்கும் எனக்கு ஒரு லிட்டர் டி-76 போதும்.